ஹோமுக்கு ஜோடி ‘கம்’ இல்லை, ‘கோம்’

கேளுங்க ஆச்சியிடம்

இந்தத் தடவை வந்த தபாலில் பாதிக்கு மேல் ஆங்கில ரைம், அதாவது வரிக் கடைசியில் ஒலி ஒத்துவரும் சொல் ஜோடி பற்றித்தான். ஆண்டுவிழா சீசன் வந்துவிட்டது என்று அர்த்தம். முப்பது வருஷம் ஆங்கில வகுப்பில் சாக்பீஸ் தூள் தின்றவளுக்கு இது சர்க்கரைப் பொங்கல். ரைம் பிடிக்காதவர்கள் சமையல் பக்கத்துக்குப் போய்விடலாம், அங்கே கவுனி அரிசி செய்முறை போட்டிருக்கிறார்களாம்.

ஆச்சி, என் மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளி ஆண்டு மலருக்காகக் கானாடுகாத்தானில் இருக்கிற ஆயா (பாட்டி) வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை எழுதினாள். முதல் வரி ‘திஸ் இஸ் மை ஆயாஸ் ஹோம்’. அடுத்த வரி ‘எவ்ரி சம்மர் வீ ஆல் கம்’. மிஸ் ‘கம்’மைச் சிவப்பு மையில் சுழித்து, ‘இது ரைம் இல்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டார். ஸ்பெல்லிங்கில் கடைசி மூன்று எழுத்தும் ஒன்றுதானே, ஓ எம் இ? தப்பு எங்கே? ஹோமுக்கு வேறு என்னதான் ரைம்?
— ஒரு வாசகி, தேவகோட்டை

மிஸ் சுழித்தது சரிதான் தாயி. பாப்பா கண்ணால் பார்த்து ஜோடி சேர்த்திருக்கிறாள், காதைக் கேட்கவில்லை. இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஹோம், கம். தமிழில் எழுதினாலே குட்டு வெளிப்பட்டுவிடுகிறது, ஒன்றில் நெடில், மற்றதில் குறில், கோலத்துக்கும் கலத்துக்கும் உள்ள தூரம். எழுத்து ஒத்துப்போய் ஒலி ஒத்துப்போகாத இந்த மாதிரி ஜோடிக்கு ஆங்கிலத்தில் ‘ஐ ரைம்’ என்று பெயர். அந்த ஐ ‘நான்’ இல்லை, கண்.

ஒரே ஸ்பெல்லிங்கில் ஏன் இரண்டு சத்தம் என்று பாப்பா கேட்பாள், கேட்க வேண்டும். ஹோம் பழைய ஆங்கிலத்தில் ‘ஹாம்’ என்று இருந்தது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த பர்மிங்ஹாமின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பழைய வீடுதான். அந்த நெட்டை ஆகாரம் காலப்போக்கில் ஓகாரமாக மாறியது. ‘கம்’மின் கதை வேறே. அதில் முதலில் இருந்தது உகரம். ஆனால் அந்தக் காலக் கையெழுத்தில் யு என்பது இரண்டு குட்டிக்கோடு, எம் என்பது மூன்று குட்டிக்கோடு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வேலிக்கம்பு நட்ட மாதிரி ஐந்து கோடு வரிசையாக நிற்கும், எது எந்த எழுத்து என்று யாருக்கும் பிடிபடாது. அதனால் எழுதுகிறவர்கள் எம், என், வி பக்கத்தில் வரும் யு-வை ஓ என்று உருட்டி எழுத ஆரம்பித்தார்கள். கம், சம், மகன் என்ற பொருளில் வரும் சன், லவ் எல்லாம் அப்படி ஓ போட்டுக்கொண்டவைதான். வேஷம் ஓ, உள்ளே ஆள் வேறு.

நாம் சிரிக்க முடியாது. நம்முடைய ஏட்டுச் சுவடியில் புள்ளி வைக்கிற வழக்கமே இல்லை, கொ-வும் கோ-வும் ஒரே மாதிரி இருக்கும், படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒ, ஓ வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கியவர் வீரமாமுனிவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இன்னொரு கேள்விக்கும் அவரிடம்தான் போகப்போகிறேன்.

சரி, சரியான ரைமைக் கண்டுபிடிப்பது எப்படி? விதி இதுதான். சொல்லில் கடைசியாக அழுத்திச் சொல்லும் உயிர் ஒலி எதுவோ, அதிலிருந்து முடிவு வரைக்கும் ஒலி அப்படியே ஒத்துப்போக வேண்டும், அதற்கு முன்னால் இருக்கிற மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும். ஹோமில் அந்த வால் ‘ஓம்’. அந்த ஓம் முன்னால் ஒவ்வொரு மெய்யாக வைத்துப் பாருங்கள், நாம் க ங ச ஞ படித்த வரிசையிலேயே. என் வகுப்பில் பிள்ளைகளை நாலு வரிசையாக உட்கார வைத்து இதைத்தான் செய்யச் சொல்வேன், சந்தை இரைச்சலாக இருக்கும், பக்கத்து வகுப்பு கணக்கு சார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

க் வைத்தால் கோம். சீப்புதான், நாம் காம்ப் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே அதே சொல். கடைசியில் இருக்கும் பி வெறும் அலங்காரம், வாயில் வரக்கூடாது, சீவுவதும் ‘கோமிங்’தான். ட் வைத்தால் ஒன்றுக்கு இரண்டாகக் கிடைக்கும், குவிமாடத்துக்கும் டோம், தலையணை கனத்துக்கு இருக்கும் புத்தகத்துக்கும் டோம். தமிழில் எழுதினால் இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தாலும் முன்னது டப்பாவின் ட, பின்னது டீயின் ட, ஆங்கிலக் காதுக்கு இரண்டும் தனித்தனி. ந் வைத்தால் நோம், தாடி வைத்த குள்ளப்பூதம், ஸ்பெல்லிங் ஜி-யில் தொடங்கும், அந்த ஜி-யும் பேசாது. நுரைக்கு ஃபோம். ர் வைத்தால் இத்தாலியில் இருக்கும் ரோம், சுற்றித் திரிவதற்கும் ரோம். இரண்டும் ஹோமுக்கு ஜோடி, ஆனால் ஒன்றுக்கொன்று ஜோடி ஆகாது, ஒலி முழுக்க ஒன்றாகிவிட்டால் அது ரைம் இல்லை. ல் வைத்தால் லோம், மணலும் வண்டலும் களியும் கலந்த நல்ல மண். இரண்டு மெய் சேர்த்தால் க்ரோம், வண்டி பம்பரில் பளபளக்கிறதே அது. எதுவுமே வைக்காவிட்டாலும் ஒரு சொல் வரும், மின்தடையை அளக்கும் ஓம்.

இந்த ‘பி’ விஷயத்தில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடப் பிரேயரில் ஆங்கிலப் பத்தி வாசிக்கச் சொன்னார்கள். அதில் கல்லறைக்கான சொல் வந்தது, டி ஓ எம் பி. நான் கணீரென்று ‘டாம்ப்’ என்றேன். அது ‘டூம்’. தலைமையாசிரியை ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான், நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சீப்பு கோம், கல்லறை டூம், வெடிகுண்டு பாம். எழுத்தில் மூன்றும் கூடப்பிறந்தவை, வாயில் மூன்றும் மூன்று தினுசு.

இப்போது பாப்பாவின் கவிதைக்கு வருவோம். ஜோடி கிடைத்துவிட்டது என்பதற்காக எதையாவது உள்ளே இழுத்துவிட்டுவிடக்கூடாது, பிள்ளைகள் அதிகமாகச் செய்கிற தப்பு இதுதான். கானாடுகாத்தான் வீட்டில் முகப்பு இருக்கும், வளவு என்கிற நடுமுற்றம் இருக்கும், இரண்டாங்கட்டு இருக்கும், காலுக்குக் குளுகுளுவென்று ஆத்தங்குடிக் கல் இருக்கும். ரோம் நகரமும் குள்ளப்பூதமும் அங்கே எங்கே வந்தன? ரைமுக்காக வந்தன என்று படிக்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் சீப்பு இருக்கும். வளவுத் தூண் ஓரமாக ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து, பேத்தியை முன்னால் இழுத்து உட்கார வைத்து, பல் உடைந்த மரச்சீப்பால் சிக்கெடுக்கும்போது ‘ஆடாதேடி’ என்று பிடரியில் ஒரு தட்டுத் தட்டுவார்களே, அது கவிதை. ‘திஸ் இஸ் மை ஆயாஸ் ஹோம், ஷீ டேம்ஸ் மை ஹேர் வித் எ உடன் கோம்’ என்று எழுதச் சொல்லுங்கள். சாயங்காலக் காப்பி வேண்டுமென்றால் டபராவில் ஆற்றிய நுரை இருக்கிறது, ஃபோம். மிஸ் இதையும் சுழித்தால் எனக்கு எழுதுங்கள்.

அச்சு அசலாக ஒத்துவராத சொற்களையும் ‘நியர் ரைம்’ என்று சொல்லி இப்போது ஏற்றுக்கொள்கிறார்களே, இது உழைக்கச் சோம்பல்பட்டவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி இல்லையா? நம் யாப்பில் இப்படி நெளிவு சுளிவு உண்டா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புதுவயல்

ஐயா, நீங்கள் கேட்கலாமா இதை? யாப்பருங்கலக் காரிகையை உரையோடு பாடம் நடத்தியிருப்பீர்களே. இரண்டாம் எழுத்து அதுவே வந்தால் எதுகை, அதுவே வராமல் அதன் இனத்து எழுத்து வந்தால் இனவெதுகை. வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம், இடையினத்துக்கு இடையினம். நடுவில் ஒரு ய், ர், ல், ழ் புகுந்தாலும் பரவாயில்லை என்று ஆசிடையெதுகையும் உண்டு, சீவக சிந்தாமணியில் ‘காய்மாண்ட’வுக்குப் ‘பூமாண்ட’ வந்தது அந்தச் சலுகையில்தான். வெள்ளைக்காரன் நியர் ரைம் என்று சொல்வதற்கு நம் ஆட்கள் எப்போதோ இலக்கணம் எழுதி முடித்துவிட்டார்கள்.

அந்த இனக் கணக்கை வைத்தே ஹோமுக்குப் பக்கத்து ஜோடி தேடலாம். ம் மெல்லினம், அதற்கு மிக நெருங்கிய சொந்தம் ன். அப்படிப் பார்த்தால் ஸ்டோன், போன், லோன், ஓன், த்ரோன், அலோன் என்று பெரிய கூட்டமே வருகிறது. உயிர் ஒலி அதே ஓகாரம், கடைசி மெய்யும் மூக்கால் வருவதே, வேகமாகப் பாடும்போது பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது. இந்தக் கூட்டம் முதல் தரம். ஹோப், போட், ரோட் எல்லாம் உயிர் மட்டும் ஒத்தவை, இரண்டாம் தரம். டைம், நேம், ரூம் கடைசி ம் மட்டும் ஒத்தவை, அவை தூரத்துப் பங்காளி, வேறு வழியில்லை என்றால் கூப்பிடலாம். ‘பொயம்’ என்பதையும் ஹோமோடு சேர்க்கிறார்கள், அது இரண்டு அசை, நிதானமாகச் சொன்னால் ஒட்டாது, விழுங்கிச் சொன்னால் ஒட்டும்.

சோம்பல் என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். சில இடத்தில் அச்சு அசல் ரைமைவிட இதுதான் பொருந்தும். மேலே அந்தப் பாப்பா எழுதும் ஆயா வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடை லீவு முடிந்து எல்லாரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். ஆயா வளவைச் சுற்றி ஒவ்வோர் அறையாகப் பூட்டிக்கொண்டு வருகிறார்கள், ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் அறை, ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு, சாவிக்கொத்து மட்டும் சத்தம் போடுகிறது. அந்த வரி ‘அலோன்’ என்று முடியட்டும். ஹோமுக்கு அலோன் முழுசாக ஒட்டாது, கதவைச் சாத்தியும் ஒரு விரற்கடை இடைவெளி நிற்கிற மாதிரி காதில் ஏதோ திறந்தே கிடக்கும். அந்த வரிக்கு அதுதானே ஐயா வேண்டும்? அங்கே போய் ‘ஃபோம்’ என்று கச்சிதமாக மூடினால் நன்றாகவா இருக்கும்?

ஆச்சி, போனில் ‘ஹோம்’ போட்டு ரைம் தேடினால் சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. க்ரோமசோம், மெட்ரோநோம், ஹனிகோம் என்று என்னென்னவோ. எல்லாவற்றையும் நம்பலாமா?
— கல்லூரி மாணவி, காரைக்குடி

நம்பலாம், ஆனால் மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளும்மா. நீ சொன்ன மூன்று சொல்லிலுமே அழுத்தம் முதலில் விழுகிறது. ஹனிகோம் என்றால் ‘ஹ’வில்தான் கனம், கோம் வாலில் லேசாக வரும். ஹோமோ ஒற்றை அசை, முழு அழுத்தம். சேர்த்து வைத்தால் தப்பில்லை, ஒரு மாட்டுக்கு மட்டும் கால் கொஞ்சம் குட்டையான வண்டி மாதிரி ஓடும், அவ்வளவுதான்.

இரண்டாவது, இந்த மாதிரிக் கருவிகள் பலவற்றுக்கு அடியில் இருப்பது அமெரிக்க உச்சரிப்பு. பிட்ஸ்பர்க்கில் இருக்கிற கார்னகி மெலன் பல்கலைக்கழகம் தொகுத்த உச்சரிப்பு அகராதி ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களை ஒலி ஒலியாகப் பிரித்து வைத்திருக்கிறது, வால் ஒலி ஒத்த சொற்களைக் கம்ப்யூட்டர் அதிலிருந்து பொறுக்கிக் கொடுத்துவிடும். அமெரிக்கர் வாயில் வெடிகுண்டு பாமும் அமைதிக்கான காமும் நல்ல ரைம், லண்டன்காரர் வாயில் முன்னது குறில், பின்னது நெடில், ஒட்டாது. உன் கவிதையை வாசிக்கப்போவது காரைக்குடி வாய், அதனால் பட்டியலை எடுத்துக்கொண்டு நீயே ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பார்.

மூன்றாவது, பட்டியலைக் கடைசியில் திற. முதலில் நீ சொல்ல வந்ததை ரைம் இல்லாமல் நாலு வரியாக எழுது, எந்தச் சொல் வரிக் கடைசியில் நின்றால் நன்றாக இருக்கும் என்று பார், அப்புறம் தேடு. ஜோடி கிடைக்காத சொல்லை வரி நடுவில் தள்ளிவிட்டு வேறு சொல்லைக் கடைசிக்குக் கொண்டுவரலாம், இது தெரியாமல் ராத்திரி முழுக்க முட்டிக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் பாழடைந்து கிடக்கிற பழைய ஏரோட்ரோமும் ஹோமுக்கு ரைம் ஆகுமா?
— ஒரு வாசகர், செட்டிநாடு

பேஷாக ஆகும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம், விமானத்துக்கு உதவாவிட்டாலும் கவிதைக்காவது உதவட்டும். அழுத்தம் பற்றி மேலே சொன்னதைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் ரைமுக்கென்றே அகராதி இருக்கிறதாமே. தமிழில் அப்படி எதுவும் உண்டா?
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

உண்டு, உண்டு. வீரமாமுனிவர் 1732-இல் செய்த சதுரகராதிக்கு நாலு பகுதி. பெயர், பொருள், தொகை, நாலாவது தொடை. அந்தத் தொடையகராதியின் வேலையே எதுகைச் சொற்களைக் கூட்டம் கூட்டமாக அடுக்கித் தருவதுதான். ஜான் வாக்கர் என்பவர் ஆங்கிலச் சொற்களைப் பின்னாலிருந்து வரிசைப்படுத்திப் போட்ட பெயர்பெற்ற ரைம் அகராதி 1775, நம்முடையதைவிட 43 வருஷம் இளையது. (ஆங்கிலத்தில் அதற்கு முன்பே 1570-இல் ஒன்று வந்திருக்கிறது, அதனால் நாம்தான் முதல் என்று மேடையில் முழங்கிவிடாதீர்கள்.) அகராதி என்று பெயர் இல்லாவிட்டாலும் சூடாமணி நிகண்டில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில்தான் போகிறது, ககர எதுகை, ஙகர எதுகை என்று. மனப்பாடம் செய்கிறவனுக்கு முதல் எழுத்தைவிட இரண்டாம் எழுத்துதான் பிடி.

ஒரே வித்தியாசம், நாம் வரியின் தலையில் பூ வைப்போம், அவர்கள் வாலில் குஞ்சம் கட்டுவார்கள். வாலில் கட்டுவதற்கு நம்மிடமும் இயைபு இருக்கிறது. அதில் அதே சொல் திரும்பத் திரும்ப வந்தாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் ஹோமுக்கு ஹோமே போட்டால் மிஸ் சிவப்பு மையை எடுத்துவிடுவார்.

நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி மண்ணை வாயில் வைத்தால் கவிதை வரும் என்று என் மகனுக்கும் வைத்தோம். ஆங்கிலக் கவிதைதான் எழுதுகிறான், அதிலும் ரைம் இல்லை.
— ஒரு அப்பச்சி, சிவகங்கை

ரைம் இல்லாமல் எழுதுவது தனி வகை, அதற்கும் பெரிய கவிகள் உண்டு. மண்ணைக் குறை சொல்லாதீர்கள், கம்பர் ஆங்கிலத்துக்கு உத்தரவாதம் எதுவும் கொடுக்கவில்லை.

‘ஆரஞ்ச்’ என்ற சொல்லுக்கு ரைமே கிடையாதாமே?
— பத்தாம் வகுப்பு மாணவன், குன்றக்குடி

தினமும் புழங்குகிற சொல்லில் கிடையாது தம்பி. வேல்ஸ் நாட்டில் ப்ளாரஞ்ச் என்று ஒரு மலை இருக்கிறது, அதைத்தான் எல்லாரும் போய்ப் பிடித்துக்கொள்வார்கள். மாதத்துக்குச் சொல்லும் ‘மன்த்’துக்கும் இதே கதிதான். வரி நடுவில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு.

ஆச்சி, எங்கள் பெரிய ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க (வியாபாரம் செய்ய) போனவர். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எட்டு வரி எழுதுகிறேன். ரங்கூனுக்கு ரைம் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், கண்டனூர்

ஹோமைப் போல உங்களுக்குக் கஷ்டமே இல்லை. ரங்கூனில் அழுத்தம் கடைசியில் விழுகிறது, வால் ‘ஊன்’. மூன், நூன், ஜூன், ஸ்பூன், ட்யூன் எல்லாம் வரும். ஆனால் வீட்டில் அவருடைய பழைய கடிதங்கள் ஏதாவது பெட்டகத்தில் கிடந்தால் முதலில் அதை எடுத்துப் படியுங்கள். அனேகமாக ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ‘சீக்கிரம் வருகிறேன்’ என்று இருக்கும். ஆங்கிலத்தில் அது ‘சூன்’.